மண்டைக்குள்ளும் ஒரு கடைமடை

ராத்திரி மூணு மணி இருக்கும். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டும் கையில் எரியாத டார்ச் லைட்டுமாக நின்றார்.

"ஷட்டர் ஏத்தணும். தண்ணி வந்துடும்" என்றார்.

அவர் ரிட்டையர் ஆகி இருபத்தோரு வருஷம். அது மார்ச் மாதம், ஆற்றில் வெறும் மணல். "நான் போய் ஏத்திட்டு வரேன், நீங்க படுங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி யாரு? புதுசா வந்திருக்கிற லஸ்கரா?"

அப்பா நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் லஸ்கராக, அதாவது மதகு ஷட்டர்களை ஏற்றி இறக்கித் தண்ணி விடுகிற ஊழியராக இருந்தவர். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம் அது. எந்த ஷட்டரை எத்தனை சுற்று சுற்றினால் எவ்வளவு தண்ணி போகும் என்பது அவருக்குக் கடைசி வரை மறக்கவில்லை. என் பெயர்தான் மறந்துவிட்டது. நானும் அதே துறையில் பாசன வேலையில் சேர்ந்து 36 வருஷம் ஓட்டிவிட்டு வந்தவன். இப்போது வயது 64. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த மறதி நோய் எனக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் டாக்டர்களைக் கேட்டும், தேடிப் படித்தும், நான் என்னென்ன செய்து வருகிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, தண்ணி விட்ட ஆள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் இருக்கிறது, அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் ஒரு பட்டியல் போட்டது. நாம் மாற்றக்கூடிய 14 காரணங்கள் அதில் இருக்கின்றன. அவை அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால், உலகத்தில் வருகிற மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு. மீதிக்கு வயது, பரம்பரை என்று நம் கையில் இல்லாத காரணங்கள். ஆகவே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவருக்கும் வரலாம். வரவே வராது என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால், அவர் பையில் விற்பதற்கு ஏதோ வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று. அறிகுறி வெளியே தெரிவதற்குப் பத்து இருபது வருஷம் முன்பே மூளைக்குள் மாற்றம் ஆரம்பித்துவிடுகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறது என்றால் ஏப்ரல், மே மாதத்திலேயே தூர்வாரியிருக்க வேண்டும். தண்ணி வந்த பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி என்ன பிரயோஜனம்? நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் இதை அப்பா அம்மாவுக்கு அனுப்பிவிட்டு உட்கார வேண்டாம். இது முதலில் உங்களுக்கு. அறுபது தாண்டிய என்னைப் போன்றவர்களுக்கும் லேட் ஒன்றும் ஆகிவிடவில்லை.

பிரஷர்: ஒரு நோட்டு போடுங்கள்

பட்டியலில் 14 இருந்தாலும் எனக்கு முதல் இடம் பிரஷருக்குத்தான். மூளை நம் உடம்பு எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உள்ளே போகிற ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதன் ஆழத்தில் இருக்கிற மயிரிழை ரத்தக் குழாய்களுக்கு மாற்று வாய்க்கால் கிடையாது. ஒன்று அடைத்தால் அது பாய்கிற இடம் காய வேண்டியதுதான். கோட்டூர், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயியிடம் கேளுங்கள், கடைமடை என்றால் என்ன என்று. தலைமடையில் என்ன கூத்து நடந்தாலும் காய்வது அவர் வயல்தான். கட்டுக்கடங்காத பிரஷர் வருஷக்கணக்கில் அந்த மெல்லிய குழாய்களை அடித்துத் தடிக்க வைக்கிறது, அடைக்கிறது. அப்பாவின் ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டினார். அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். "இதெல்லாம் தண்ணி போகாத இடம்" என்றார், நான் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு. மறதி நோயில் அதிகம் காணப்படுகிற அல்சைமர் வகையும் இதுவும் சேர்ந்தே இருக்கலாம், வயதானவர்களிடம் அப்படிக் கலந்து வருவது சகஜம் என்றும் சொன்னார்.

அப்பாவுக்கு 54 வயதில் ஒரு முகாமில் பிரஷர் கண்டுபிடித்தார்கள். மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டார். "நார்மல் ஆயிடுச்சு" என்று நிறுத்திவிட்டார். சரி, அவர் அந்தக் காலத்து ஆள். எல்லாம் தெரிந்த நானும் 52 வயதில் அதையே செய்தேன். மருந்துக் கடையில் ஒருவர், "இப்ப 126தானே இருக்கு, அப்புறம் எதுக்கு சார் மாத்திரை?" என்றார். காதுக்கு இனிமையாக இருந்தது, நிறுத்திவிட்டேன். நாலு மாசத்தில் 168. கரை உடையவில்லை என்பதற்காகக் கரை மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டு போவதற்குச் சமம் இது. மாத்திரை சாப்பிட்டதால்தான் அது 126. குறைப்பதோ நிறுத்துவதோ எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லித்தான்.

வீட்டில் அளப்பதற்கு மேல் கையில் கட்டுகிற மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். அளக்கிறதிலும் முறை இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து, வரிசையில் நின்று, பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே கையை நீட்டினால் வருகிற எண் உங்கள் பிரஷர் இல்லை. காபி குடித்து, பீடி பிடித்து, புகையிலை போட்டு அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மூத்திரம் போய்விட்டு வாருங்கள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படிய, ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பேசக் கூடாது, டிவி கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். தலைப்பில் காலை ஆறு மணிக்குக் கேஜ் ரீடிங், அதாவது ஆற்றின் நீர்மட்டம் எழுதிய பழக்கம் எனக்கு. இப்போதும் வாரம் மூணு நாள் ஆறு மணிக்கே ரீடிங், ஆறு மட்டும்தான் வேறே. நாற்பது வயதிலிருந்தே மேல் எண்ணை 130 அல்லது அதற்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது அந்த நிபுணர் குழு. உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். ரொம்ப வயதானவர்களுக்கு அதிகமாக இறக்கினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார்கள், அது வேறு வினை. மாத்திரைக்குக் காசு இல்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. நார்த்தங்காய், மோர்மிளகாய், அப்பளம், கருவாடு, வடகம் எல்லாம் அந்த ஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். என் மனைவிக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது 59 வயதில் நான் முதல்முறையாக அடுப்படிக்குள் போனேன். ஒரு ரசத்துக்குள் எவ்வளவு உப்பு போகிறது என்பது அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தது. இப்போது காலையில் இரண்டு பேருக்கு இரண்டு ஸ்பூன் உப்பைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவேன். அதற்குள்தான் நாள் முழுக்கச் சமையல். ஊறுகாய் போடுகிற அன்றைக்குக் கிண்ணத்தில் மிச்சம் இருக்க வேண்டும். முதல் பத்து நாள் சப்பென்று இருந்தது. அப்புறம் கல்யாண வீட்டுச் சாம்பார் கரித்தது.

காது

இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அப்பாவுக்கு மறதிக்கு முன்னால் வந்தது செவிட்டுத்தனம். எங்களுக்கு அது ஒரு வியாதியாகவே தெரியவில்லை. "கெழவருக்குக் காது கேக்காது" என்று சொல்லிவிட்டு, அவரிடம் சாப்பாடு, மாத்திரை தவிர வேறு பேசுவதை நிறுத்திவிட்டோம். அவரும் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைந்தால் ஆள் தனிமைப்படுகிறார். அரைகுறையாகக் கேட்டதை ஒப்பேற்றுவதிலேயே மூளையின் தெம்பெல்லாம் போகிறது. அந்த 14 காரணங்களில் காது கேளாமையும் ஒன்று, அதுவும் கனமான ஒன்று.

2023-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு முடிவு வந்தது. காது மந்தமான எழுபது முதல் எண்பத்து நாலு வயதுக்காரர்களுக்கு மெஷின் கொடுத்து மூணு வருஷம் பார்த்தார்கள். மறதி வரும் அபாயம் ஏற்கெனவே அதிகமாக இருந்த குழுவில், மெஷின் போட்டவர்களுக்கு யோசனைத் திறன் தேய்வது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆரோக்கியமாக இருந்தவர்களிடம் அந்த மூணு வருஷத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு 57-ல் ஆரம்பித்தது. டிவி சத்தத்துக்கு வீட்டில் தினம் சண்டை. உங்கள் வீட்டிலும் அந்தச் சண்டை நடக்கிறது என்றால், முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், எனக்குத் தீரவில்லை. அப்புறம் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற சோதனை. இரண்டு காதிலும் குறை என்றால் இரண்டுக்கும் மெஷின் போடச் சொன்னார்கள். பொருட்காட்சியில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் விற்பதை வாங்காதீர்கள். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிவிடும், நம் காதுக்கு அளவெடுத்தது இல்லை. விலை ஜாஸ்தி என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், அரசு மெஷின் கொடுக்கிறது.

மெஷின் வாங்கிய முதல் வாரம் நரகம். தட்டு வைத்தால் இடி, ஃபேன் சுற்றினால் அறுவடை மிஷின். இந்த இடத்தில்தான் பல பேர் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். முதலில் வீட்டுக்குள், ஒரே ஒரு ஆளோடு பேசும்போது போட்டுப் பழகுங்கள். அப்புறம் டிவி. கடை, கல்யாண வீடெல்லாம் கடைசியில். இரண்டு மூணு தடவை போய்ச் சத்தத்தைத் திருத்தி வாங்குங்கள். எனக்கு ரெண்டு மாசம் ஆயிற்று. ஒரு நாள் சாயங்காலம் ஆற்றங்கரையில் நடந்தபோது மதகில் தண்ணி விழுகிற சத்தம் சன்னமாகக் கேட்டது. 36 வருஷம் கேட்ட சத்தம்தான், ஆனால் எப்போது அது நின்றுபோயிற்று என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கண்ணும் இதே கதைதான். புரை இருந்தால் எடுத்துவிடுங்கள். "முத்தட்டும்" என்று உட்கார்ந்திருந்த காலம் மலையேறிவிட்டது.

சோறு, நடை, மற்றதெல்லாம்

நெல் விளைகிற ஊரில் சோற்றைக் குறை என்றால் செருப்படி விழும். குறைக்கச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் பொரியலும் கூட்டும், அப்புறம் சோறு. தட்டில் பாதி காயும் கீரையும். சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் தெளிக்கிற உளுந்தும் பயறும் நம் வீட்டிலேயே இருக்கிறது, அதை மூட்டையோடு வியாபாரிக்குப் போட்டுவிட்டு வெறும் சோறும் குழம்புமாகச் சாப்பிடுகிறோம். மீன் சாப்பிடுகிறவர்கள் நாகப்பட்டினத்து மத்தியைக் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன் மூணும் பட்டியலில் இருக்கின்றன. சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுக்கிற பெரியவர்கள் விரதம் என்று பட்டினி கிடப்பது ஆபத்து. சர்க்கரை அடிக்கடி தாழ்ந்து போவதும் மூளைக்குக் கெடுதல்தான்.

வல்லாரையைப் பற்றிக் கேட்பீர்கள். துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. வாய்க்கால் ஓரத்தில் சும்மா கிடைக்கிறது. ஆனால் அது மறதி நோயைத் தடுக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை. வல்லாரை மாத்திரையை நம்பிப் பிரஷர் மாத்திரையை விட்ட ஒருவரை எனக்குத் தெரியும், அவர் கதையை எழுத மனமில்லை.

நடை வாரத்துக்கு 150 நிமிஷம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். "வயல்ல வேலை செய்றவனுக்கு என்னய்யா வாக்கிங்?" என்று கேட்பார்கள். நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின், வயலுக்குப் போக பைக். வரப்பில் நின்று செல்போன் பேசிவிட்டு வருவது வேலையில் சேர்த்தி இல்லை. வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். நான் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருகிறேன், இரண்டு வேளை. ஆரம்பத்தில் நாலோடு மூச்சு வாங்கியது.

பின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்காரர்களை வைத்து இரண்டு வருஷம் ஓர் ஆய்வு நடத்தி 2015-ல் வெளியிட்டார்கள். சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பிரஷர்-சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தவர்களின் மூளைத் திறன் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. சேர்த்துச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். செய்தித்தாளில் குறுக்கெழுத்து மட்டும் போட்டுவிட்டு "மூளைக்கு வேலை கொடுக்கிறேன்" என்பவர்கள் என் நண்பர்களிலேயே நாலு பேர்.

மூளைக்கு வேலை என்றால் தெரியாத வேலை. எனக்குச் சமையல் அப்படி அமைந்தது. புளியைக் கரைக்கும்போதே பருப்பு வெந்ததா என்று பார்க்க வேண்டும், தாளிப்பதற்குள் தேங்காய் அரைத்திருக்க வேண்டும். ரெகுலேட்டரில் நாலு ஷட்டரை ஒருசேரப் பார்ப்பதைவிட இது கஷ்டம் என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அவருக்கு இதெல்லாம் புதிது இல்லையே, அதனால் அவர் பேத்தியிடம் செல்போனில் தமிழ் டைப் அடிக்கக் கற்றுக்கொள்கிறார்.

மனிதர்களோடு இருங்கள். டீக்கடை பெஞ்சு, கோயில் மண்டபம், சீட்டுக்கட்டு, நூறு நாள் வேலை, எதுவானாலும். ஊரில் இருக்கிற அம்மாவைச் சென்னைக்குக் கொண்டுபோய் ஏழாவது மாடியில் வைக்கிற பிள்ளைகள் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே வசதி இருக்கும், "என்ன சமையல்?" என்று வேலிக்கு மேலே எட்டிக் கேட்க ஆள் இருக்காது. துணை இறந்து ஆறு மாசமாகியும் எதிலும் பிடிப்பு இல்லாமல் இருப்பவர்களை "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வும் பட்டியலில் உண்டு, வைத்தியமும் உண்டு.

பீடி, சிகரெட், சாராயம், அதிகம் பேச ஒன்றுமில்லை. விடுங்கள். வைக்கோல் எரிக்கிற புகையும் விறகடுப்புப் புகையும் மூளைக்குத்தான் போகின்றன. மன்னார்குடி ரோட்டில் போகும்போது ஹெல்மெட் தலையில் இருக்கட்டும், டேங்க் மேல் வேண்டாம். பாட்டிகள் கொல்லைப்புறப் பாசியில் வழுக்கி விழாமல் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து வையுங்கள். விழுந்து தலையில் அடிபட்ட பெரியவர் அன்றைக்கு நன்றாக இருந்து, சில வாரம் கழித்துத் தடுமாறினாலோ, குழப்பமாகப் பேசினாலோ உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் சேர்ந்திருக்கலாம். பார்க்க மறதி நோய் மாதிரியே இருக்கும், ஆனால் ஆபரேஷன் செய்தால் சரியாகக்கூடியது.

தூக்கம் ஏழு மணி நேரமாவது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். தூக்க மாத்திரையையும், தூக்கம் வரவழைக்கிற சளி மாத்திரையையும் நீங்களாகவே மாசக்கணக்கில் போடாதீர்கள். சில மாத்திரைகள் வயதானவர்களின் ஞாபகத்தை நேராகவே மங்கடிக்கும்.

எப்போது கூட்டிக்கொண்டு போவது

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ளது. நாற்பது வருஷம் வைத்த சாம்பாரில் அம்மா புளி விட மறப்பது, அதே கேள்வியை அரை மணியில் ஐந்து முறை கேட்பது, பழகின தெருவில் வழி தவறுவது, சில்லறைக் கணக்கு குழம்புவது, இவை வேறே. அப்பா ஒரு தடவை பென்ஷன் வாங்கிக்கொண்டு பாமணியாற்றுக் கரை வழியாக வீட்டுக்கு எதிர்த் திசையில் நாலு கிலோமீட்டர் நடந்துவிட்டார். "வெயில்ல மயக்கம்" என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒன்றரை வருஷம் வீணாக்கினோம். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, மாத்திரைக் கோளாறு ஆகியவற்றாலும் மறதி வரும், அவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதற்காகவே சீக்கிரம் போக வேண்டும். இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பினால் காத்திருக்கவே வேண்டாம். மூத்திரக் கிருமியோ, ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கியதோ இருக்கலாம்.

போகிறபோது கூட வாழ்கிற ஒருவர் போங்கள், விடுமுறைக்கு வந்த மகன் போதாது. நோயாளி எப்போதிலிருந்து என்னென்ன மறந்தார் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி, அவர் முன்னால் படிக்காமல் டாக்டர் கையில் கொடுங்கள். பிரஷர் நோட்டு, காது மெஷின், கண்ணாடி. வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரை அட்டை, கஷாயம், லேகியம், பக்கத்து வீட்டில் கொடுத்த தூக்க மாத்திரை உட்பட எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசை மேல் கொட்டுங்கள். அப்பாவின் பையிலிருந்து ஒரே மாத்திரை இரண்டு பெயரில் வந்தது. இரண்டையும் நாங்கள் எட்டு மாசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.